தாணுலிங்கத்தின் ராசி

தூத்துக்குடி மார்க்கெட்டில் தாணுலிங்கம் அண்ணாச்சியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அவர் யாருக்காகவும் எழுந்திருக்க மாட்டார். வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்தாலும் சரி, வரி அதிகாரி வந்தாலும் சரி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டு, "இரிங்க" என்பார். கருப்பட்டி விற்கிறவருக்கு இவ்வளவு மிதப்பா என்று சிலர் முகம் சுளித்தார்கள். மற்றவர்கள் மரியாதை கொடுத்தார்கள். எழுந்திருக்காத மனிதரிடம் ஏதோ இருக்கிறது என்று ஊர் நம்பிவிடும்.

இருக்கத்தான் செய்தது. அது என்ன என்று அவர் மனைவி சீனித்தாய்க்கு மட்டும் தெரியும்.

அண்ணாச்சிக்கு விரைவீக்கம். ஊரில் ஓதம் என்பார்கள். விரையைச் சுற்றியிருக்கும் உறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, கனம்தான் இருக்கும். சின்ன ஆபரேஷன் ஒன்று செய்தால் மறுநாள் வீட்டுக்கு வந்துவிடலாம். தாணுலிங்கம் அதைச் செய்துகொள்ளவில்லை. எலுமிச்சை அளவில் இருந்தது நார்த்தங்காய் ஆனது, நார்த்தங்காய் உரித்த தேங்காய் ஆனது. கடைக்கு எல்லோருக்கும் முன்னால் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொள்வார். தெரு அடங்கிய பிறகுதான் எழுந்து வெளியே வருவார். கல்யாண வீட்டிலும் இதே கதைதான். மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே போய் நாற்காலி பிடித்துவிடுவார். அவ்வளவு சீக்கிரம் வருகிறாரே, என்ன பாசம் என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

அந்தக் கனத்தைத் தாங்கிப் பிடிக்க மைதா சாக்குத் துணியில் சீனித்தாய் ஒன்று தைத்துக் கொடுப்பாள். அதைக் கோவணம் என்றும் சொல்ல முடியாது, பை என்றும் சொல்ல முடியாது. அவள் அதற்குத் தொட்டில் என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் புருஷனுக்கு வேட்டி சட்டை எடுக்கிறாளோ இல்லையோ, போன வருஷத்தைவிடப் பெரிதாக அரை டஜன் தொட்டில் தைத்துவிடுவாள்.

"ஒங்க புள்ளைக்குக்கூட நான் இவ்வளவு தொட்டில் கட்டல" என்பாள்.

அவர் சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு விஷயம் இல்லை. அது ராசி.

ஏரலில் சின்னக் கடை வைத்திருந்த காலத்தில்தான் வீக்கம் தொடங்கியது. அதே வருஷம் தூத்துக்குடியில் இந்தக் கடை கைக்கு வந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் மவுசு கூடியதும் அப்போதுதான். சர்க்கரை வியாதிக்குப் பயந்த பட்டணத்து ஜனங்கள் கருப்பட்டிக் காபி குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். வியாபாரம் வளர்ந்த காரணத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். தாணுலிங்கம் சொன்ன காரணம் வேறு. வீக்கம் வளர்ந்தது, அதனால் கடை வளர்ந்தது. அவ்வளவுதான்.

சீனித்தாயின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரே ஒரு தடவை ஏரலில் ஒரு கம்பவுண்டரிடம் போய், ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு வந்தார். அது ஐப்பசி மாதம். அந்த வாரம் அடித்த மழையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் ஓடு ஒழுகி, அடுக்கி வைத்திருந்த கருப்பட்டிச் சிப்பமெல்லாம் இளகி, பாகு வாசல்வரை ஓடியது.

"பாத்தியா ஏளா? எறங்குன அன்னைக்கே எறங்கிப்போச்சி பாத்தியா?"

"ஓட்ட மாத்துங்கன்னு ஆடி மாசமே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மேல ஏறிப் பாக்க ஒங்களால ஆவாது. ஆள ஏத்திப் பாக்க மனசு வராது. அதுக்கு ஓதம் என்ன செய்யும்?"

அவர் காதில் அது ஏறவில்லை. ஊசியால் எடுத்த நீர் அப்படித்தான் மறுபடி ஊறும். உறையைச் சரி செய்யாமல் அது நிற்காது. சில மாதங்களில் வீக்கம் பழைய அளவுக்கு வந்தது. மழை போய் வியாபாரமும் நிமிர்ந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஆபரேஷன் என்ற சொல்லை எடுத்தால், கடையைக் கொளுத்தச் சொன்னதுபோல அவருக்குக் கோபம் வரும். பழைய தராசை மாற்றாதவர்கள், கிழிந்த மெத்தையை மாற்றாதவர்கள் அந்த மார்க்கெட்டில் நிறையப் பேர் உண்டு. எல்லாம் ராசிதான். ஆனால் தராசு ஆளைக் கொல்லாது.

அவர்களுக்கு ஒரே மகன், லிங்கராஜ். கல்லூரி முடித்துவிட்டுக் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த வயது. நல்ல பையன்தான். நல்ல பையன் என்றால் அந்த வீட்டில் அப்பா தலையாட்டும் வரை தண்ணீர்கூடக் குடிக்காதவன் என்று அர்த்தம்.

வைகாசியில் ஒரு நாள் காலையில் சீனித்தாய் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். லிங்கராஜ் வந்து கதவோரம் நின்றான்.

"எம்மா."

"என்னலே?"

"அப்பாவுக்குத் தைக்கிய இல்லா."

"ஆமா. அது ஒரு பொழப்பு."

"எனக்கும் ஒண்ணு வேணும்."

மெஷின் நின்றது. அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பம் இருந்து?"

"பங்குனியில இருந்தே லேசா இருந்துச்சி. இப்பம் கனமா இருக்கு. இடது பக்கம் மட்டும்."

"வலிக்கா?"

"வலியே இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கு. பனங்கொட்ட இருக்குல்லா, அந்த மாதிரி."

சீனித்தாய் மெஷினிலிருந்த துணியை உருவிக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமாகப் புருஷனுக்கு அளவெடுத்தவள் அவள். அவருடையது தண்ணீர் நிரப்பிய பலூன்போலத் தொட்டால் நெகிழும். பனங்கொட்டையாக அது ஒரு நாளும் இருந்ததில்லை.

விஷயம் தாணுலிங்கத்தின் காதுக்குப் போனது. கேட்டுவிட்டு அவர் செய்த காரியத்தை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். அவர் முகம் மலர்ந்தது.

"ராசி புள்ளைக்கு எறங்குது, ஏளா. எனக்குப் பொறவு கடை என்னாவுமோன்னு கெடந்தேன். வழி பொறந்துட்டு."

"கடைய அவனுக்குக் கொடுக்கணும்னா சாவியக் கொடுங்க. ஒலகத்துல எவனாவது சீக்கக் கொடுப்பானா?"

"வாயக் கழுவு. சீக்காம்."

அன்றைக்கே மகனைத் திருச்செந்தூருக்கு அனுப்பி அர்ச்சனை செய்யச் சொன்னார். அவனும் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அம்மா சொன்னதற்கு, "அப்பா வேண்டாங்காவளே" என்றான். சீனித்தாய் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். வைக்காவிட்டால் எறிந்திருப்பாள்.

அவள் சண்டை ஓயாததால் தாணுலிங்கம் ஒரு படி இறங்கி வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் மாதம் ஒரு தடவை வந்து தங்குகிற பரம்பரை வைத்தியரிடம் மகனைக் காட்டச் சொன்னார். ஆண்களின் அத்தனை குறைகளுக்கும் தீர்வு என்று சுவரெங்கும் விளம்பரம் ஒட்டுகிறவர். அங்கே வருகிறவர்கள் மாடிப்படி ஏறும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. கைக்குட்டையால் மூக்கு வரை கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் செருப்பை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பட்டு ஜிப்பா போட்டிருந்த வைத்தியர் லிங்கராஜின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"இளமைக் காலத் தவறு" என்றார்.

லிங்கராஜ் யோசித்துப் பார்த்தான். தவறு செய்ய அவனுக்கு யாரும் நேரமே கொடுத்ததில்லை. வைத்தியர் கட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை, எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு டப்பா லேகியம் கொடுத்து, புளியைக் குறைக்கச் சொன்னார். கையே வைக்காமல் நோயைக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரரை நம்பித்தான் மார்க்கெட்டில் பாதிப் பேர் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

லேகியம் தீர்ந்தது. இன்னொரு டப்பாவும் தீர்ந்தது. ஆவணி முடிவதற்குள் பனங்கொட்டை இன்னும் பருத்திருந்தது.

"நேத்து சிப்பம் தூக்கையில இடிச்சிட்டு" என்று மகன் அம்மாவிடம் சொன்னான்.

"இடிச்சி, வலிச்சிச்சா?"

"வலிக்கல. வலிக்காம இருக்கதுதான் பயமா இருக்கு."

அவன் வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்தது சீனித்தாய்க்குப் போதுமாக இருந்தது. மறுநாள் காலை, புருஷன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் வீட்டிலிருந்த தொட்டில் அத்தனையையும் அள்ளி, சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டாள். அழுக்குக் கூடையில் கிடந்தது, பெட்டியில் மடித்து வைத்திருந்தது, இன்னும் கட்டாத புதுசு, எல்லாமே நனைந்தன. ஒன்றை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தாணுலிங்கம் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். வாசலில் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏளா, ஒண்ணுகூடவா காயல?"

"ஒண்ணு காஞ்சிருக்கு."

"கொண்டா."

"ஆஸ்பத்திரிக்கு வாரியளா?"

"எனக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

"ஒங்களுக்கு இல்ல. அவனுக்கு. நீங்க கூட வந்தாத்தான் ஒங்க மவன் வருவான். அப்பிடி வளத்து வச்சிருக்கிய."

"இன்னைக்குச் சங்கத்துல கூட்டம் இருக்கு, தெரியுமா?"

"போங்க. அப்பிடியே போங்க. கூட்டம் நல்லாக் கூடும்."

அவர் கத்திப் பார்த்தார். உன் அப்பா வீட்டுக்குப் போ என்றார். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைக்க முடியுமா என்றுகூடக் கேட்டார். சீனித்தாய் மடியில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோக்காரன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் மூன்று பேரும் அதே ஆட்டோவில் பாளையங்கோட்டை ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழி நெடுக தாணுலிங்கம் துறைமுகத்துக்குப் போகும் உப்பு லாரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

காத்திருக்கும் இடத்தில் விரித்த பேப்பருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேப்பர் இறங்கியதும், மார்க்கெட்டில் அரிசி மண்டி வைத்திருக்கும் வீரபாகு.

"அண்ணாச்சி, என்ன இங்கன?"

"சும்மா. ஒரு ஆளுக்குத் துணைக்கு வந்தேன்."

"நானும் துணைக்குத்தான் வந்தேன்."

யாருக்குத் துணை என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பேப்பர் மறுபடி ஏறிக்கொண்டது.

டாக்டரின் பெயர் ஜெபசுதா. அறுவைச் சிகிச்சை நிபுணர், நடு வயதுக்காரர். கதவைத் திறந்ததும் தாணுலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பொம்பள டாக்டரா?"

"ஆமா அண்ணாச்சி. ஆம்பள டாக்டர்தான் வேணும்னா வியாழக்கிழமை வருவார், நீங்க அன்னைக்கு வாங்க. தம்பிய நான் இன்னைக்கே பாத்துருவேன்." அவர் நிற்கிற நிலையை ஒரு தடவை பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "ஆனா நீங்க நிக்கிற நிலையே சொல்லுது. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. படுங்க."

கடையில் யாருக்கும் எழுந்திருக்காத மனிதர் அங்கே சொன்ன சொல்லுக்குப் படுத்தார். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஒரு சின்ன டார்ச்சை வீக்கத்தின் ஒரு பக்கம் வைத்து அழுத்தினார். திரைச்சீலையின் இடைவெளியில் நின்ற சீனித்தாய் பார்த்தாள். சிவப்புக் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு வைத்ததுபோல முழுவதும் ஒளிர்ந்தது.

"வெளிச்சம் ஊடுருவுது பாருங்க. உள்ள வெறும் தண்ணிதான். எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு… கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாள்ல இவ்வளவு ஊறினா இந்த ஊருக்குக் குடிதண்ணிப் பஞ்சமே வராது" என்றார் டாக்டர்.

தாணுலிங்கம் ஜெயித்துவிட்டவர்போல மனைவியைப் பார்த்தார். வெறும் தண்ணி. இதற்கா இவ்வளவு அமர்க்களம்?

அடுத்து லிங்கராஜ் படுத்தான். டாக்டர் விரலால் நிதானமாகத் தடவிப் பார்த்தார். மறுபடி விளக்கை அணைத்து, அதே டார்ச்சை வைத்தார். ஒளிரவில்லை. டார்ச்சை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். இருட்டாகவே கிடந்தது. விளக்கைப் போட்ட பிறகு டாக்டர் விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டார்.

"தம்பி, அப்பாவுக்கு இருக்கதும் ஒங்களுக்கு இருக்கதும் வேற வேற. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இது விரைக்குள்ளேயே வளர்ற கட்டி. இப்பவே ஸ்கேன் எடுங்க, டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்க."

மத்தியானத்துக்குள் ஸ்கேன் வந்தது. டாக்டர் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இது புற்றுநோயாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு வரக்கூடியது. வலிக்காது, அதனால்தான் யாரும் காட்டுவதில்லை. ஊசி குத்திச் சோதிக்கக் கூடாது, குத்தினால் பரவலாம். கவட்டைக்கு மேலே சின்னதாகக் கீறி அந்த விரையை முழுசாக எடுத்து, லேபுக்கு அனுப்பி, என்ன வகை என்று பார்க்க வேண்டும். நேரத்தோடு எடுத்தால் பெரும்பாலானவர்கள் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள். மற்ற விரை நன்றாக இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டே கல்யாணமும் செய்யலாம், பிள்ளையும் பெறலாம். இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னால் திருநெல்வேலிக்குப் போய் விந்தைச் சேமித்து வைத்துவிட்டு வருவது நல்லது.

தாணுலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"தை பொறந்ததும் வச்சிக்கிடலாமா? பொண்ணு வீட்டுல பேச்சு ஓடிட்டு இருக்கு. பொறவு… அது எடுத்துட்டா ராசி…"

"என்ன ராசி?"

அவர் வாயை மூடிக்கொண்டார். சீனித்தாய் மூடவில்லை.

"இவுகளுக்கு வீங்குனதாலதான் கடை வளந்துச்சாம், டாக்டர். அது இப்பம் மவனுக்கு எறங்கியிருக்காம். அதனால எடுக்கக் கூடாதாம்."

டாக்டர் தாணுலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "கடையில என்ன விக்கிறீங்க?"

"கருப்பட்டி."

"எந்த ஊர்க் கருப்பட்டி?"

"உடன்குடிச் சரக்கு. கலப்படம் கிடையாது." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நிமிர்ந்தது.

"அப்ப அதனாலதான் விக்குது, அண்ணாச்சி."

கல்லாப்பெட்டி இல்லாத நாற்காலியில் அவர் பாதியாகத் தெரிந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை தெரியாமல் நிற்கிற பையனுக்கு வயதானால் இப்படித்தான் இருப்பான் என்று சீனித்தாய் நினைத்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வைகாசியிலிருந்து ஆவணிவரை லேகியம் தின்ற மகன்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தான்.

"எப்பா" என்றான் லிங்கராஜ். "நான் எடுத்துக்கிடுதேன்."

அப்பாவிடம் அவன் கேட்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் மிரண்டு போனான்.

திருநெல்வேலிக்குப் போய் வந்தான். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. மார்க்கெட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் தாணுலிங்கம், "குடல் எறக்கம். சிப்பம் தூக்குத பயலுவளுக்கு வாரதுதான்" என்று பதில் வைத்திருந்தார். மகன் பிழைப்பானா என்று வீட்டில் ஒருத்தி தூங்காமல் கிடக்க, நோய்க்குக் கௌரவமான பெயர் தேடுகிற வேலையை அவர் சிரத்தையாகச் செய்தார்.

லேபிலிருந்து முடிவு வரத் தாமதமானது. அந்த நாட்களில் சீனித்தாய் மெஷினைத் தொடவில்லை. இத்தனை வருஷமும் அவ்வளவு கச்சிதமாகத் தைத்துத் தைத்து மறைத்துக் கொடுத்தது தன் கைதானே என்று அதைப் பார்க்கவே அவளுக்குக் கசந்தது. ஒழுங்காகத் தைக்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் என்றைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். மகனும் இதெல்லாம் மறைக்க வேண்டிய காரியம் என்று படித்திருக்க மாட்டான். வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் எடுத்த ஸ்கேனில் எங்காவது பரவியிருப்பது தெரிந்தால், கீமோ கொடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சோறு வடிக்கும்போதும் அந்தச் சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வரச் சொன்ன நாளில் மூவரும் போனார்கள். டாக்டர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புற்றுநோய்தான். ஆனா விரைய விட்டு வெளிய போகல. ஸ்கேன்ல வேற எங்கயும் ஒண்ணும் இல்ல. ரத்த டெஸ்ட்ல கூடியிருந்த அளவும் இறங்கி வந்துட்டு. இப்போதைக்குக் கீமோ வேண்டாம்."

சீனித்தாய் மகனின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு வலித்திருக்கும், அவன் எடுக்கச் சொல்லவில்லை.

"நான் சொன்னேன்லா" என்றார் தாணுலிங்கம். "நம்ம ராசி விட்டுக் கொடுக்காது."

டாக்டர் அதற்கு முகத்தைத் திருப்பவே இல்லை. லிங்கராஜிடம் பேசினார். "ஆனா இதோட முடிஞ்சிட்டுன்னு நெனச்சிராதீங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் கொடுக்கணும், சொல்ற நேரத்துல ஸ்கேன் எடுக்கணும். அஞ்சு வருஷம் விடாம வரணும். திரும்ப வந்தாலும் சீக்கிரம் பாத்துட்டா சரி பண்ணிரலாம். வராம இருந்துராதீங்க. இன்னைக்கும் கீழ ரத்தம் கொடுத்துட்டுப் போங்க."

"வாரேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போனான்.

தாணுலிங்கம் தாழ்வாரத்துக்கு வந்ததும் மனைவியின் பக்கம் குனிந்தார். "அஞ்சு வருசமா? மாசாமாசம் இங்கன வந்து நின்னா ஊருக்குத் தெரிஞ்சிரும்லா."

"தெரியட்டும்" என்றாள் சீனித்தாய். "உசுரோட இருக்கான்னு தெரியட்டும்."

அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். அவள் நிற்காமல் படி இறங்கினாள். கீழே ரத்தம் எடுக்கிற அறையில் லிங்கராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் வீரபாகு தன் முறைக்காகக் காத்திருந்தார். அவரிடம் லிங்கராஜ், தனக்கு என்ன எடுத்தார்கள் என்று நோயின் பெயரைச் சொல்லியே விளக்கிக்கொண்டிருந்தான்.